இரண்டு வளத்தூர்

சர்வர் அறைக்குள் நுழைந்ததும் தேவகி விளக்கைப் போடமாட்டார். கதவைச் சாத்திவிட்டு, கையில் தொங்கும் சாப்பாட்டுப் பையோடு இருட்டில் சற்று நேரம் நிற்பார். ஆளுயர இரும்பு அலமாரிக்குள் பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருக்கும். சில விடாமல் துடிக்கும். சில யோசித்து யோசித்து எரியும். எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து முடித்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். "லைட்டு போட்டா ரூமுதான் தெரியும். போடாம நின்னாதான் இதுங்க இன்னா பண்ணுதுங்கன்னு தெரியும்" என்பது அவர் விளக்கம்.

அடுத்தது ஸ்வெட்டர். சித்திரை மாதத்தில் பாலாற்று மணல் கொதிக்கிறபோது, ஆம்பூரே ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறபோது, தேவகி கத்தரிப்பூ நிறக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்துக் கழுத்துவரை பித்தான் மாட்டிக்கொள்வார். அந்த அறையில் ஏசி ஓய்வதே இல்லை. வெளியே வரும்போது கழற்ற மறந்துவிடும். தைக்கும் பிரிவிலிருந்து பேக்கிங் ஹால் வரை எங்கள் கம்பெனிப் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சொட்டர் மேடம்'. அது அவருக்கும் தெரியும். "பேரு நல்லாதானே இருக்கு. தோல் கம்பெனில குளிர்ல உக்காந்து வேல செய்ற யோகம் எத்தினி பேருக்கு இருக்கு?" என்பார்.

நான் அதே கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். காலணி செய்து கப்பலேற்றும் பல கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. தோலைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். தோலை வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள் பற்றியும் அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். ஷூப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சின்னப் பார்கோடு லேபிள் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த லேபிள் இல்லாவிட்டால் ஒரு ஜோடி ஷூ கூட எங்கள் வாசலைத் தாண்டாது. அது தேவகியின் அறையிலிருந்து வருகிறது.

அவரிடம் புகார் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. தெரியாதவர்கள் போனில் "மேடம், நெட்டு இல்ல" என்று ஆரம்பிப்பார்கள். தேவகி விடமாட்டார். "நெட்டு இல்லன்னா இன்னா அர்த்தம்? எதுலேர்ந்து எதுக்குப் போகல? அத சொல்லு." எதிர்முனை விழிக்கும். "உன் கம்ப்யூட்டர்லேர்ந்து பிரிண்டருக்குப் போகலியா, பிரிண்டர்லேர்ந்து சர்வருக்கு வர்லியா? பக்கத்து சீட்டுக்காரிக்கு வருதா?" இத்தனைக்கும் பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் தங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் கழன்று கிடக்கும் ஒயரைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். தேவகிக்கு அதில் ஒரு திருப்தி. "நான் போய் சொருவியிருந்தா நாளைக்கும் கூப்புடுவா. இப்ப கூப்புட மாட்டா."

பேசுகிற பேச்சிலும் இதே கணக்குதான். "எங்கிருந்து எங்க?" என்று எதையும் கேட்பார். யாராவது "ஊர்ல எல்லாரும் சொல்றாங்க" என்றால், "எல்லாரும்னா யாரு? உன்னாண்ட யாரு சொன்னா?" என்பார். அவரிடம் வம்பு பேசுவது கஷ்டம். கேன்டீனில் அவர் இருக்கும் மேசை எப்போதும் கொஞ்சம் அமைதியாகவே இருக்கும்.

தேவகி மின்னூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அம்மா பூவம்மாள் இன்னொரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். மகளைத் தையல் மிஷினில் உட்காரவைக்கக் கூடாது என்று அந்த அம்மா முடிவு கட்டியிருந்தார். மகளோ வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்துவிட்டு, அம்மா எந்த வாசல் வேண்டாம் என்றாரோ அதே மாதிரி ஒரு வாசலுக்குள்ளேயே வந்து சேர்ந்தார். முதலில் லேபிள் அடிக்கும் வேலை. பிறகு கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. பிறகு, யாரும் முறையாக ஒப்படைக்காமலே, சர்வர் அறையின் சாவி அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. பெங்களூருக்கு வரச்சொல்லி இரண்டு தரம் கேட்டிருக்கிறார்கள். காலை ரயிலேறிப் போய் மாலை ரயிலில் திரும்பும் ஆம்பூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. தேவகி போகவில்லை. "அங்க என்ன மாதிரி ஒரு தெருவுக்கு நூறு பேரு இருப்பாங்க. இங்க நான்தான் இருக்கேன்" என்றார். அடக்கம் என்பதை அவர் ஒரு பெரிய குணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அலமாரிக்குள் இருப்பதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய சர்வர்கள் இரண்டு, ஒன்று பழையது, ஒன்று புதியது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே பல கணினிகள் இருக்கின்றன. அந்தக் கணினிகளுக்கென்று தனி உடம்பு கிடையாது. சர்வரின் மூளையிலும் நினைவிலும் ஆளுக்கொரு பங்கை வாங்கிக்கொண்டு, தாங்கள் தனிக் கணினிகள் என்றே நம்பி வேலை செய்கின்றன. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பேக்கிங் ஹால் மேற்பார்வையாளர் ஜெயம்மாள் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டபோது தேவகி சொன்ன பதிலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "ஒரே காம்பவுண்டுல நாலு குடித்தனம் இருக்குல்லக்கா, அந்த மாதிரி. தனித்தனிக் கதவு, தனித்தனி அடுப்பு. தெருவுக்கு வர்ற வாசல் மட்டும் ஒண்ணு."

பெயர் வைத்ததும் அவர்தான். தினமும் ரயிலில் வருகிறவர் என்பதால் பெயருக்கு அலையவில்லை. சர்வர்கள் இரண்டும் பெரிய ஜங்ஷன்கள். பழையது காட்பாடி, புதியது ஜோலார்பேட்டை. உள்ளே குடியிருப்பவை சின்ன ஸ்டேஷன்கள். வருகைப் பதிவு பார்ப்பது மேல்பட்டி. தோல் வெட்டும் அளவுகளை வைத்திருப்பது பச்சகுப்பம். கணக்குப் பார்ப்பது குடியாத்தம். பார்கோடு லேபிள்களை அடித்துத் தருவது வளத்தூர். "வளத்தூர் இன்னிக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று அவர் போனில் பேசுவதைக் கேட்டு, அந்த ஊரில் பெண் கொடுத்திருந்த டிரைவர் ஒருவர் பதறியதுண்டு.

வளத்தூர் ஒருநாள் எங்களைத் தவிக்கவிட்டது. தேவகி யார் என்பதை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை. ஜெர்மனிக்குப் போக வேண்டிய சரக்கு பேக்கிங் ஹாலில் அடுக்கிக் கிடந்தது. கண்டெய்னர் லாரி வந்து பின்வாசலில் நின்றது. மாலைக்குள் கிளம்பினால்தான் சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கும். வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழுவதற்குள் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேட்டரி அன்றைக்குக் கைவிட்டுவிட, சர்வர்கள் இரண்டும் அணைந்து மறுபடி எழுந்தன. அதுவரை ஒன்றும் பெரிதில்லை. எழுந்த பிறகுதான் தொல்லை. பேக்கிங் ஹாலில் லேபிள்கள் கொஞ்சம் வந்தன, நின்றன. மறுபடி கொஞ்சம் வந்தன, மறுபடி நின்றன. பெட்டிகளை நீட்டிப் பிடித்தபடி பெண்கள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழுக்க நின்றுபோனால்கூட ஒரு முடிவுக்கு வரலாம். வருவதும் நிற்பதுமாக இருந்தால் மனிதர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பேக்டரி மேனேஜர் அமீர் பாஷா நல்ல மனிதர். ஆனால் லாரி நிற்கும்போது அவர் வேறு மனிதர். "இங்க யாரு கை வெச்சது?" என்று கேட்டார். கை வைத்தவர் இருந்தார். எலக்ட்ரீஷியன் அருணகிரி முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வந்து, ஹாலின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களையெல்லாம் இழுத்து, கூரையோரம் அடித்த புது இரும்புத் தட்டில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தார். நேற்று ஒயரைத் தொட்டார், இன்று லேபிள் வரவில்லை. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? சென்னைக் கணினிக் கம்பெனிக்காரர்கள் சிலர் உண்டு. எங்கள் சர்வர்களைத் தாங்களே தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வதாகத் தலைமை அலுவலகத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள். அவர்களைப் போனில் கேட்டபோது அவர்களும் "கேபிளாகத்தான் இருக்கும்" என்றார்கள்.

அருணகிரி வாலாஜாபேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒப்பந்தத்தில் இருப்பவர், கம்பெனி ஆள் அல்ல. "சார், நான் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போனேன். ஏணி குடுங்க, திரும்பப் பாக்குறேன்" என்றார்.

"பாத்தது போதும்பா. ஜாஸ்தி பேஜார் பண்ணாத. பாஸ கேட்டாண்ட குடுத்துட்டுப் போ."

ஹால் முழுக்கப் பெண்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருணகிரி கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தூக்கித் தோளில் மாட்டி நடந்தார். தலைமை அலுவலகத்துக்கு அப்போதே செய்தியும் போய்விட்டது: எலக்ட்ரீஷியன் ஒயரைக் கெடுத்துவிட்டார், சரிசெய்துகொண்டிருக்கிறோம்.

தேவகி அப்போதுதான் ஹாலுக்குள் வந்தார், ஸ்வெட்டரோடு, கையில் லேப்டாப்போடு. "ஒயரும்மா" என்றார் அமீர் பாஷா.

"யார் சொன்னா சார்?"

"எல்லாரும் சொல்றாங்க."

தேவகி பிரிண்டருக்குப் பக்கத்திலிருந்த ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினார். அருணகிரி முந்தின நாள் இழுத்துக் கட்டிய அதே ஒயர். அது வழியாகக் காட்பாடியைக் கூப்பிட்டார். கணினிகளுக்குள் இப்படி ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. 'பிங்' என்பார்கள், தேவகி 'குரல் குடுக்கிறது' என்பார். காட்பாடி உடனே பதில் சொன்னது. விடாமல் சொன்னது. வரிசை வரிசையாகத் திரையில் பதில்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அடுத்து, காட்பாடிக்குள் இருக்கும் வளத்தூரைக் கூப்பிட்டார். ஒரு பதில் வந்தது. பிறகு மௌனம். பிறகு இரண்டு பதில். பிறகு நீண்ட மௌனம்.

லேப்டாப்பை அமீர் பாஷா பக்கம் திருப்பினார். "சார், அதே ஒயரு. இதுலதான் காட்பாடி பேசுது, இதுலதான் வளத்தூர் பேச மாட்டேங்குது. காம்பவுண்டு வாசல் வரைக்கும் ரோடு நல்லாருக்கு. உள்ள ஒரு வீட்லதான் இன்னாமோ ஆயிருக்கு. ஒயர் இல்ல சார்."

"அப்ப சர்வரா? உன் டிபார்ட்மென்டா?"

"தெரியல சார். ஒயர் இல்ல. அது மட்டும் தெரியுது."

அமீர் பாஷாவுக்கு அது போதவில்லை. ஒயர் இல்லை என்றால் வேறு எது என்று சொல்ல வேண்டாமா? பெட்டிகளைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "மொதல்ல லேபிள் வரட்டும்மா" என்றார்.

சர்வர் அறைக்கு நானும் பின்னால் போனேன். ஜெர்மனிக்காரர்களின் ஏஜென்டுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தேவகி என்னைப் போகச் சொல்லவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. காட்பாடியின் திரையைத் திறந்து, அங்கிருந்தே வளத்தூருக்குக் குரல் கொடுத்தார். பதில் வந்தது. தவறாமல் வந்தது.

"பாத்தீங்களா, தான் குடியிருக்கிற வீட்டுக்காரங்கிட்ட ஒழுங்கா பேசுது" என்றார்.

பிறகு பக்கத்து சர்வரான ஜோலார்பேட்டைக்குப் போய், அங்கிருந்து வளத்தூரைக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஒரே ஒரு பதில் கூட இல்லை.

எனக்குக் குழப்பம் கூடியது. தேவகியின் முகமோ தெளிந்துகொண்டே வந்தது. அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு, எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். "ஹாலேர்ந்து கூப்ட்டா, வந்தா வரும், வர்லன்னா இல்ல. காட்பாடிலேர்ந்து கூப்ட்டா எப்பவும் வரும். ஜோலார்பேட்டைலேர்ந்து கூப்ட்டா எப்பவுமே வராது. அப்ப ஜோலார்பேட்டைல எவனோ இருக்கான். வளத்தூருக்குப் போறத அவன் வாங்கி வெச்சிக்கிறான்."

சொல்லி முடித்ததும் அவர் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது. யார் அந்த 'எவன்' என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு எனக்கு அவர் விளக்கியது இது. கணினி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாளம். ஒன்று கதவு எண் மாதிரி. வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று பள்ளிக்கூடச் சான்றிதழில் எழுதுவார்களே, 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று, அந்த மாதிரி. ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. செய்தியைக் கொண்டு சேர்க்கிற பாதைகள் கடைசியில் மச்சத்தைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டு கொடுக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் தேவகி ஒரு காரியம் செய்திருந்தார். வளத்தூருக்கு என்றாவது ஏதாவது ஆகிவிட்டால் மாற்று வேண்டுமே என்று, அதை அப்படியே நகலெடுத்துப் புது சர்வரில் வைத்தார். நகலை முதல்முறை எழுப்பும்போது சர்வர் ஒரு கேள்வி கேட்கும்: இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா? நகலெடுத்தேன் என்றால் புது மச்சம் கொடுக்கும். நகர்த்தினேன் என்றால் பழையதையே விட்டுவிடும். தேவகி 'நகர்த்தினேன்' என்பதை அழுத்தியிருந்தார். கதவு எண்ணை மாற்றினார், 'வளத்தூர் இரண்டு' என்று பெயர் வைத்தார், அணைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். லேபிள் அடிக்காத நேரம் என்பதால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. திங்கட்கிழமை கரண்ட் போய் வந்தபோது, புது சர்வர் தன் வழக்கப்படி தனக்குள் இருந்த எல்லாவற்றையும் எழுப்பிவிட்டது. ஒரே மச்சத்தோடு இரண்டு வளத்தூர். ஹாலிலிருந்து லேபிள் கேட்டுப் போனவற்றில் பாதி தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

திரையில் அவர் காட்டினார். இரண்டு கதவு எண்கள், எதிரே ஒரே மச்சம். எழுத்துக்கு எழுத்து ஒன்று.

'வளத்தூர் இரண்டை' அணைத்தார். சரிசெய்ய எடுத்த நேரம் அவ்வளவுதான். ஹாலிலிருந்து ஜெயம்மாள் போனில் கத்தினார்: "வருது மேடம், சரசரன்னு வருது."

அந்த அறையில் நாங்கள் இருவர்தான். கதவு சாத்தியிருந்தது. நான் சொன்னேன், "கரண்ட் போனதுதானே காரணம் மேடம். அது போகலைன்னா இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

தேவகி என்னைப் பார்த்தார். "கரண்ட்டு எழுப்பிச்சு. மச்சம் குடுத்தது யாரு?"

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார். நானறிந்தவரை அன்றைக்குத்தான் அவர் அதை மறக்காமல் கழற்றினார்.

பேக்கிங் ஹாலில் பெண்கள் தலைநிமிராமல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அமீர் பாஷா பெட்டிகளுக்கு நடுவே நின்று லாரிக்காரரிடம் கையசைத்துக்கொண்டிருந்தார். தேவகியைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சபாஷ்மா" என்றார்.

"சார், தப்பு என்னுது."

அமீர் பாஷாவின் கை பாதியில் நின்றது.

"சனிக்கிழம நான் ஒரு மிஷின காப்பி பண்ணேன். தப்பா பண்ணிட்டேன். அதான் இன்னிக்கு எழுந்து குறுக்க வந்துச்சு. கண்டுபுடிச்சு நிறுத்திட்டேன். ஒயர்ல ஒண்ணும் இல்ல." குரலில் கும்பிடு இல்லை, நடுக்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடையைச் சொல்லும் பெண்ணைப்போல நிமிர்ந்து நின்று சொன்னார். மிஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். ஜெயம்மாள் கேட்டார். லேபிள் ஒட்டியவர்கள் கேட்டார்கள்.

அமீர் பாஷா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "சரிம்மா, இப்ப ஓடுதுல்ல. லாரி கெளம்பட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அருணகிரி அண்ணன் பாஸ் சார்."

"நாளைக்குப் பாக்கலாம்மா."

"அவரு இன்னும் வீட்டுக்குப் போகல சார். கேட்டாண்ட டீக்கடைல உக்காந்திருக்காராம். நாளைக்குன்னா இன்னிக்கு ராத்திரி அவரு அந்தக் கெட்ட பேர எடுத்துட்டுத்தானே வீட்டுக்குப் போவணும்?"

அமீர் பாஷா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜெயம்மாளிடம் லாரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானே வாசலை நோக்கி நடந்தார். செக்யூரிட்டியிடம் போனில் சொல்லியிருந்தாலே போதும். அவர் வெயிலில் நடந்து போனார் என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும். சாலையைக் கடந்து டீக்கடைக்குள் குனிந்து, "வாப்பா அருணகிரி, என்னாண்ட தப்பாயிடுச்சு" என்றார். அருணகிரி குடித்துக்கொண்டிருந்த டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகுதான் எழுந்தார்.

உள்ளே வந்ததும் அவர் யாரிடமும் பேசாமல் ஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து, தான் கட்டிய ஒயர் தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். நேராக ஓடியது. அதன் கீழே பிரிண்டர் ஓயாமல் லேபிள் துப்பிக்கொண்டிருந்தது. பிறகு தேவகியிடம் வந்தார். "இன்னாத்துக்கும்மா எல்லார் எதிர்லயும் சொன்ன? என்னாண்ட தனியா சொல்லியிருந்தா போதுமே."

"உங்கள எல்லார் எதிர்லயும்தானேண்ணா அனுப்புனாங்க."

கண்டெய்னர் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டது. கடைசிப் பெட்டியை ஏற்றிய பெண்கள் கைதட்டினார்கள். அது லாரிக்கா, தேவகிக்கா, அருணகிரிக்கா என்று எனக்குத் தெரியாது. தேவகி அங்கே இல்லை. சர்வர் அறையில் உட்கார்ந்து 'வளத்தூர் இரண்டை' அழித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி நகலெடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ தப்பா செஞ்சா விட்டுட்றதா? மாத்து வேணும்னுதானே செஞ்சேன். வேணும்ன்றது இன்னும் அப்பிடியேதான் இருக்கு."

அருணகிரி இன்றைக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். சர்வர் அறைச் சாவியும் தேவகியின் இடுப்பில்தான் இருக்கிறது. இரண்டும் தானாக நிலைத்துவிடவில்லை. அதற்கு மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்தோடு வாராந்தரக் கூட்டம். சுவரில் பெரிய திரை. அதில் சென்னையிலிருந்து டைரக்டர். மேசையைச் சுற்றி நாங்கள். நடுவில் தட்டையான, வட்டமான மைக் ஒன்று இருக்கும். பேசுகிறவர் முன்னால் அதைத் தள்ளிவைப்பது வழக்கம். அன்று அது அமீர் பாஷாவின் முன்னால் இருந்தது. சரக்குத் தாமதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். டைரக்டர் தலையாட்டிவிட்டுக் கேட்டார். "அந்த எலக்ட்ரீஷியன் கான்ட்ராக்ட முடிச்சிட்டீங்களா?"

அமீர் பாஷா தொண்டையைச் செருமினார். "ஒயர் மேட்டர் இல்ல சார் அது. கரண்ட் போய் வந்ததுல ஒரு டெக்னிக்கல் ப்ராப்ளம். இப்ப க்ளியர் ஆயிடுச்சு."

தேவகியைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். சர்வர்களைத் தங்களிடம் கொடுத்துவிடச் சொல்லிச் சென்னைக் கம்பெனி கேட்டுக்கொண்டிருப்பது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். தேவகிக்கும் தெரியும். அவர் பெயர் இந்தப் பேச்சில் வராமலிருப்பதே நல்லது என்று நானும் நினைத்தேன். அது அத்தோடு முடிந்திருக்கும். டைரக்டர் விடவில்லை.

"கரண்ட், பேட்டரி, அதெல்லாமும் அந்த ஆள் பொறுப்புதானே?"

அமீர் பாஷா முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார். திரையில் டைரக்டர் காத்திருந்தார்.

தேவகி நாற்காலியை முன்னால் நகர்த்தி, முழங்கையை மேசையில் ஊன்றி, அமீர் பாஷாவின் முன்னாலிருந்த மைக்கை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார், தப்பு என்னுது" என்று ஆரம்பித்தார்.